மருந்துவிழிப்பு: ‘ஃபார்மகோவிஜிலன்ஸ்’ என்பதற்கு என் வாக்கு

நண்பர்களுக்கு வணக்கம்.

‘ஃபார்மகோவிஜிலன்ஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லைத் தமிழில் எப்படிச் சொல்லலாம் என்று கேட்ட இந்த இழையில் இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: மருந்துக் கண்காணிப்பு, மருந்துக் காப்பு, மருந்துவிழிப்பு. நான் மூன்றாவதன் பக்கம். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உடல் எடையைக் குறைக்கும் ஊசி போட்டுக்கொள்பவர்களுக்காக ஒரு துண்டறிக்கையை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். இந்தச் சொல் அதன் முதல் பக்கத்திலேயே வருகிறது. படிப்பவர் அங்கேயே தடுக்கி நின்றுவிடக் கூடாது.

முதலில் பொருள். ஒரு மருந்து விற்பனைக்கு வருவதற்கு முன் சில ஆயிரம் பேரிடம் சோதித்துப் பார்க்கிறார்கள். 10,000 பேரில் ஒருவருக்கு மட்டும் வரும் கேடு அந்தச் சோதனையில் தலைகாட்டாமலே போய்விடலாம். அப்படி ஒன்றை ஒரு தடவையாவது பார்த்துவிடுவோம் என்று ஓரளவு உறுதியாகச் சொல்வதற்கே 30,000 பேர் வேண்டும். ஆக, மருந்து கடைக்கு வந்த பிறகுதான் அதைப் பற்றிய பெரிய பாடம் தொடங்குகிறது. மருத்துவர், செவிலியர், மருந்துக்கடைக்காரர், நோயாளி என்று யார் யாரோ எங்கெங்கோ பார்த்ததை ஓரிடத்தில் சேர்த்து, அதில் ஏதாவது ஒழுங்கு தெரிகிறதா என்று பார்ப்பதுதான் ஃபார்மகோவிஜிலன்ஸ். மருந்து என்ற கிரேக்கச் சொல்லையும் விழித்திருத்தல் என்ற லத்தீன் சொல்லையும் சேர்த்துச் செய்த பெயர். 1970களில் பிரான்சில் புழக்கத்துக்கு வந்தது.

இதற்குக் ‘கண்காணிப்பு’ போதும், மக்களுக்குத் தெரிந்த சொல் என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். தெரிந்த சொல்தான், ஆனால் அளவுக்கு மீறி வேலை பார்க்கிற சொல். மாவட்டத்துக்குக் காவல் கண்காணிப்பாளர், மருத்துவமனைக்கு ஒரு கண்காணிப்பாளர், தெருமுனையில் கண்காணிப்புக் கேமரா, லஞ்சத்துக்கு ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்பு இயக்ககம். மானிட்டரிங், சர்வைலன்ஸ், சூப்பர்விஷன், விஜிலன்ஸ் நான்குக்கும் ஒரே சொல்லை வைத்துச் சமாளிக்கிறோம். ‘மருந்துக் கண்காணிப்பு’ என்று எழுதினால், மருந்து ஆய்வாளர் கடை கடையாகப் போய்ச் சரக்கைச் சோதிப்பதாகத்தான் வாசகர் நினைப்பார். அதுவும் தேவையான வேலைதான். நீரிழிவுக்கும் எடைக்குறைப்புக்கும் கொடுக்கிற செமாக்ளுடைட் என்ற மருந்தின் போலிகள் பற்றி உலக சுகாதார நிறுவனம் 2024 ஜூனில் எச்சரிக்கை விட்டது. பிரேசில், பிரிட்டன், அமெரிக்கா மூன்றிலும் போலித் தொகுதிகள் பிடிபட்டிருந்தன. ஆனால் போலியைப் பிடிப்பது ஒரு வேலை. முறையாக அனுமதி பெற்ற அசல் மருந்து என்ன செய்கிறது என்று கவனிப்பது வேறு வேலை. இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வேண்டும்.

இன்னொன்று. கண்காணிதான் தேயிலைத் தோட்டத்தில் கங்காணி ஆனார். மேலே நிற்பவர் கீழே இருப்பவரைப் பார்ப்பது என்ற வாசம் இன்றும் அந்தச் சொல்லில் இருக்கிறது. நாம் பேசுகிற வேலையிலோ பார்வை கீழேயிருந்து தொடங்குகிறது. எடைக்குறைப்பு மருந்துகளின் கதையை எடுத்துப் பார்த்தால் இது தெளிவாகத் தெரியும்.

அமெரிக்காவில் 1990களில் ஃபென்ஃப்ளூரமின், ஃபென்டர்மின் என்ற இரண்டு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தார்கள். தனித்தனியாக இரண்டுக்கும் அனுமதி இருந்தது. சேர்த்துக் கொடுக்க யாரும் அனுமதி தரவில்லை, ஆனாலும் 1996இல் மட்டும் 1 கோடியே 80 லட்சம் மருந்துச்சீட்டுகள் எழுதப்பட்டன. வடக்கு டகோட்டாவின் ஃபார்கோ நகரில் எக்கோ (ஒலியலையால் இதயத்தைப் படமெடுக்கும் சோதனை) எடுக்கும் ஒரு பெண் ஊழியர், வயதில் இளைய பெண்களின் இதய வால்வு வழக்கத்துக்கு மாறாகக் கசிவதைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். அவர்கள் எல்லோரும் எடைக்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் என்பதும் அவர் கண்ணில் பட்டது. குறித்து வைத்துக்கொண்டு மருத்துவர்களிடம் சொன்னார். அந்த நகரத்து மருத்துவரும் மேயோ கிளினிக் என்ற பெரிய மருத்துவமனையின் மருத்துவர்களும் சேர்ந்து, இப்படிப்பட்ட 24 பெண்களைப் பற்றி 1997இல் எழுதினார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் ஃபென்ஃப்ளூரமின் சந்தையிலிருந்து போனது. அந்த ஊழியரை யாரும் கண்காணிப்பாளராக நியமிக்கவில்லை. அவர் விழித்திருந்தார், அவ்வளவுதான்.

இதன் மறுபக்கம் பிரான்ஸ். சொல்லைப் பெற்றெடுத்த நாடு. பென்ஃப்ளூரெக்ஸ் என்ற மருந்தைச் செர்வியே நிறுவனம் ‘மெடியாட்டோர்’ என்ற பெயரில் 1976இலிருந்து 2009 வரை, 33 ஆண்டுகள் அங்கே விற்றது. பெயருக்கு நீரிழிவு மருந்து, ஆனால் பசியை அடக்க வேண்டும் என்று கேட்டவர்களுக்கும் ஏராளமாக எழுதிக் கொடுத்தார்கள். உடலுக்குள் போனதும் இது ஃபென்ஃப்ளூரமின் விட்டுச்செல்லும் அதே பொருளாக மாறுகிறது. அமெரிக்காவில் 1997இலேயே தெரிந்துவிட்ட ஆபத்துதான். 1999இல் மார்செய் நகரத்து இதய மருத்துவர் ஒருவர் வால்வு கெட்ட நோயாளியைப் பற்றி அறிக்கை அனுப்பினார். மையம் இருந்தது, படிவம் இருந்தது, கோப்பு இருந்தது, குழு கூடியது. மருந்து விற்பனையில் இருந்தது. பிரெஸ்ட் நகரத்து நுரையீரல் மருத்துவர் இரென் ஃபிரஷோன் விடாமல் துருவிய பிறகே 2009இல் நின்றது. அதற்குள் சுமார் 50 லட்சம் பேர் அதைச் சாப்பிட்டிருந்தார்கள். 2021 மார்ச்சில் பாரிஸ் நீதிமன்றம் செர்வியேவுக்கு 27 லட்சம் யூரோ அபராதம் விதித்தது. காலத்தில் செயல்படாத குற்றத்துக்காக அரசின் மருந்து முகமைக்கும் 3,03,000 யூரோ அபராதம். இதை முதன்முறை படித்தபோது எனக்கு நெஞ்சு கனத்துப்போனது. அந்த 33 ஆண்டுகளும் அங்கே கண்காணிப்பு இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். விழிப்பு இல்லை. இந்த இரண்டையும் பிரித்துச் சொல்ல முடிகிற மொழிதான் நமக்கு வேண்டும்.

‘மருந்துக் காப்பு’ அழகான சொல், மறுக்கவில்லை. ஆனால் மருந்து உலகில் காப்புரிமையும் காப்பீடும் ஏற்கெனவே குடியிருக்கின்றன. செமாக்ளுடைடுக்கு இந்தியாவில் காப்புரிமைக் காலம் முடிவது 2026 மார்ச். பல நிறுவனங்கள் மலிவாகச் செய்து விற்க அது வழிவிடுகிறது. அதைப் பற்றிய ஒரு பத்தியில் ‘மருந்துக் காப்புரிமை முடிந்ததும் மருந்துக் காப்பு கூட வேண்டும்’ என்று எழுதிப் பாருங்கள். வாசகர் திணறிப்போவார்.

‘விழிப்பு’ என்றால் விழிப்புணர்வு ஊர்வலம் நினைவுக்கு வருமே என்ற கவலை நியாயமானது. விழிப்புணர்வு என்பது தெரியாதவருக்குத் தெரியப்படுத்துவது. விழிப்பு என்பது தூங்காமல் இருப்பது. யாழ்ப்பாணத்து நண்பர் நினைவுபடுத்தியது இங்கே பெரிய துணை: அங்கே ஊர்மக்கள் இரவில் முறைவைத்துத் தெருவைப் பார்ப்பதற்கு அமைப்பது ‘விழிப்புக் குழு’. நமக்கு வேண்டிய படம் அச்சாக அதுதான். ஒரு அதிகாரி வந்து பார்ப்பதில்லை, ஊரே முறைபோட்டு விழித்திருக்கிறது. எழுதவும் சுலபம். மருந்துக்குப் பின் ‘க்’ வருமா வராதா என்ற தகராறு இல்லை. மருந்துவிழிப்பு மையம், மருந்துவிழிப்புத் திட்டம், மருந்துவிழிப்பு அலுவலர் எல்லாமே நாக்கில் தடையில்லாமல் வருகின்றன.

சரி, இதோடு ஒட்டிய இன்னொரு சொல்லையும் முடித்துவிடலாம். ‘சிக்னல்’. ஒரு மருந்துக்கும் ஒரு கேட்டுக்கும் தொடர்பு இருக்கலாம் என்று முதலில் தோன்றுகிற தடயம். ‘சமிக்ஞை’ ரயிலுக்கும் போக்குவரத்துக்கும் போய்விட்டது. ‘அறிகுறி’ நோயின் சொத்து. ‘துப்பு’ எனக்குப் பிடித்திருந்தது, ஆனால் துப்பு என்றாலே குற்றம் நடந்துவிட்டதாக ஆகிறது. நான் ‘ஐயக்குறி’ என்று முன்வைக்கிறேன். ஐயம் என்ற நிலை அதில் அப்படியே தங்குகிறது, அது முக்கியம். செமாக்ளுடைட் வகை ஊசி போட்டவர்களிடம் தற்கொலை எண்ணம் வருவதாக ஐஸ்லாந்திலிருந்து வந்த தகவலை ஐரோப்பிய மருந்து முகமை 2023 ஜூலையில் ஆராயத் தொடங்கியது. இருக்கும் சான்றுகளில் மருந்துதான் காரணம் என்று காட்ட எதுவும் இல்லை என 2024 ஏப்ரலில் சொன்னது. அதே முகமை, பார்வை நரம்புக்கு ரத்த ஓட்டம் குறைந்து திடீரெனக் கண் மங்கும் நோயை 2025 ஜூனில் செமாக்ளுடைடின் மிக அரிய பக்கவிளைவாக ஏற்றுக்கொண்டது. 10,000 பேரில் ஒருவர் வரை. இரண்டுமே ஐயக்குறியாகத்தான் பிறந்தன. ஒன்று ஐயமாகவே தீர்ந்தது, ஒன்று உறுதியானது. செய்தித்தாள்கள் ஐயக்குறியைத் தீர்ப்பாக எழுதிவிடுவதற்கு, நம்மிடம் இதற்கென்று ஒரு சொல் இல்லாததும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

பக்கவிளைவைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை, அது ஊன்றிவிட்ட சொல். ஆனால் வீட்டில் யாரும் ‘எனக்குப் பக்கவிளைவு’ என்று சொல்வதில்லை. ‘மருந்து ஒத்துக்கல’ என்பார்கள். என் அத்தை 2008 வாக்கில் எடை குறைய சிபுட்ராமின் சாப்பிட்டார். சில வாரங்களில் படபடப்பு, தூக்கமில்லை. ‘ஒத்துக்கல, நிறுத்திட்டேன்’ என்றார். எழுதிக் கொடுத்த மருத்துவரும் சரி என்று வேறு சீட்டு எழுதினார். அதோடு முடிந்தது. அப்புறம் ஏறத்தாழ 10,000 பேரிடம் நடந்த ஆய்வில், ஏற்கெனவே இதய நோய் உள்ளவர்களுக்கு அந்த மருந்தால் மாரடைப்பும் பக்கவாதமும் கூடுவது தெரிந்தது. 2010இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் விற்பனையிலிருந்து போனது, 2011இல் இந்தியாவும் தடை செய்தது. அத்தையின் படபடப்புக்கு அதுதான் காரணமா என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் அவர் சொன்ன அந்த ஒரு வார்த்தை எந்தத் தாளிலும் ஏறவில்லை என்பது மட்டும் இன்னும் உறுத்துகிறது. ‘ஒத்துக்கல’ என்பதும் ஓர் அறிக்கைதான் என்று துண்டறிக்கையில் சேர்த்திருக்கிறேன்.

இந்தியாவின் மருந்துவிழிப்புத் திட்டம் 2010இல் தொடங்கியது. 2011இலிருந்து காசியாபாத்தில் உள்ள, மருந்துகளின் தரத்தை வகுக்கும் இந்திய மருந்துநூல் ஆணையம் நடத்துகிறது. மருத்துவர் மட்டுமின்றி நோயாளியே நேராகத் தெரிவிக்கலாம். எடையைக் குறைக்கும் இன்னொரு மருந்தான டிர்செபடைட் ஊசி 2025 மார்ச்சிலும், எடைக்கான செமாக்ளுடைட் ஊசி அதே ஆண்டு ஜூனிலும் இங்கே கடைக்கு வந்தன. மலிவு விலை ஊசிகளும் சேர்ந்தால் போட்டுக்கொள்பவர்கள் பல மடங்காவார்கள். அதற்குள் சொல் தயாராக இருக்க வேண்டும் என்பதே என் அவசரம்.

துண்டறிக்கையில் இப்போது இப்படி எழுதி வைத்திருக்கிறேன்:

“ஊசி போட்டுக்கொள்ளும் காலத்தில் திடீரெனப் பார்வை மங்கினாலோ, வயிற்றில் விடாத கடும் வலி வந்தாலோ உடனே மருத்துவரிடம் போங்கள். மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று தோன்றினால், உறுதியாகத் தெரியாவிட்டாலும், மருந்துவிழிப்பு மையத்துக்குச் சொல்லுங்கள். கட்டணமில்லாத எண்: 1800-180-3024.”

இதைப் படிக்கும்போது ‘மருந்துவிழிப்பு’ என்ற இடத்தில் உங்களுக்கோ வீட்டில் உள்ளவர்களுக்கோ தடுக்குகிறதா என்று சொல்லுங்கள். முடிந்தால் பெரியவர்கள் யாரிடமாவது வாய்விட்டுப் படித்துக் காட்டி, என்ன புரிந்தது என்று கேட்டு எழுதுங்கள். யாழ்ப்பாணத்து நண்பர் அங்கே ஒருவரிடம் கேட்டுச் சொன்னால் இன்னும் நல்லது. வெள்ளிக்கிழமை அச்சுக்கு அனுப்ப வேண்டும்.