சுரைப் பிஞ்சு எல்லாம் மஞ்சளாகி விழுது, என்ன பண்ணலாம்?

மாடிப்பந்தல்:
நாலாவது மாடியில பந்தல் போட்டுச் சுரை விட்டிருக்கேன். கொடி தளதளன்னு இருக்கு, பூவும் நிறைய. ஆனா பிஞ்சு விரல் நீளம்கூட வராம மஞ்சளாகி வெம்பி விழுது. கடையில போரான்னு ஒரு சத்து அடிக்கச் சொல்றாங்க. பூச்சிக்குன்னு சாயங்காலம் வேப்பெண்ணெயும் அடிக்கிறேன். சத்துக் குறைவா?

பழைய_வாத்தியார்:
போரானை ஓரமா வைங்கம்மா. பிஞ்சைத் திருப்பிப் பாருங்க. ஊசி குத்தினாற்போலப் புள்ளியும் பிசினும் இருந்தால் பழ ஈ. அது இல்லையென்றால் பெரும்பாலும் மகரந்தம் சேரவில்லை. பெண் பூவுக்குப் பின்னால் தெரிகிற குட்டிச் சுரை இன்னும் காய் இல்லை, வெறும் சூலகம். பூவோடு கூடவே வருவது. மகரந்தம் கிடைக்காவிட்டால் கொடி அதை உதிர்த்துவிடும்.

சுரை சாயங்காலம் மலர்ந்து மறுநாள் காலையில் வாடிவிடும். அதைத் தேடி வருவது அந்துப்பூச்சி. நீங்களோ சரியாக அந்த நேரம் பார்த்து வேப்பெண்ணெய் அடிக்கிறீர்கள்! அதை நிறுத்துங்க. பிஞ்சில்லாமல் நீளக் காம்போடு நிற்பது ஆண் பூ. இருட்டினதும் அதைப் பறித்து, இதழ்களைக் கிள்ளிப் போட்டு, நடுவிலிருக்கும் மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவில் மகரந்தம் ஏற்கிற சூல்முடியில் தடவுங்க. அதன் எல்லா மடலிலும் படட்டும். ஒவ்வொரு விதைக்கும் தனியாக ஒரு மகரந்தத் துகள் வேண்டும். அரைகுறையாகத் தடவினால் காய் கோணிக்கொள்ளும்.

பாடம் எடுத்த காலத்தில் எனக்கு அலுக்காத இடம் இதற்கு அடுத்தது. துகள் முளைத்து, குழாய் விட்டு, விதையாகப் போகிற சூல்வரை இறங்கும். குழாய்க்குள் இரண்டு ஆண் செல்கள். ஒன்று முட்டையோடு சேர்ந்து கருவாகும். இன்னொன்று அங்கேயே இருக்கும் இரண்டு உட்கருக்களோடு சேர்ந்து கருவூண் ஆகும், அதாவது கருவுக்கான சாப்பாடு. இந்த இரட்டைக் கருவுறுதலை 1898-ல் ரஷ்யாவின் செர்கேய் நவாஷின் லில்லி இனச் செடிகளில் கண்டு சொன்னார். நாம் குடிக்கிற இளநீர் கருவூண்தான், தேங்காய்ப் பருப்பும் அதுவே. சுரை விதையில் அது மிஞ்சாது. வளரும் கரு எல்லாவற்றையும் உறிஞ்சி வித்திலைகளில் சேர்த்துக்கொள்ளும்.

கொடிக்கால்:
ஐயா சொல்றது சரி. ஆனா ஆரம்பத்துல ஆண் பூதான் வரிசையா வரும், பயப்படாதீங்க. பந்தல் ஏறினதும் நுனியக் கிள்ளி விடுங்க அக்கா. சுரையில பெண் பூ பக்கக் கிளையிலதான் அதிகம் வரும்.

வலைக்குடில்:
மகரந்தம் இல்லாம காயே இல்லைங்கிறீங்க. என் வெள்ளரி வலைக்குள்ள, ஒரு தேனீகூட நுழையாம காய்ச்சுத் தள்ளுதே?

பழைய_வாத்தியார்:
அதற்கென்றே உருவாக்கின ரகம் தம்பி. கருவுறாமலே காய்க்கும். வெட்டிப் பாருங்க, முழு விதை இருக்காது. நாட்டுச் சுரையிடம் அந்த வேலை நடக்காது.

மாடிப்பந்தல்:
பிசின், புள்ளி எதுவும் இல்லை சார். வேலை முடிஞ்சு வீடு வர எட்டு மணி ஆயிடும். அப்புறம் தடவினா லேட்டா?

பழைய_வாத்தியார்:
எட்டு மணிக்குச் சுரைப்பூ நன்றாக விரிந்திருக்கும். டார்ச் எடுத்துக்கிட்டுப் போங்க. பூசணி போட்டிருந்தால்தான் உங்களுக்குச் சிக்கல். அது விடியலில் விரிந்து, வெயில் ஏறுவதற்குள் மூடிக்கொள்ளும்.