கோவைப் பயிற்சியோடு ஓடந்துறைக்கும் போய் வர முடியுமா?

குடியாத்தத்துக்காரர்:
அனைவருக்கும் வணக்கம். குடியாத்தம் பக்கத்தில் ஊராட்சிச் செயலராக இருக்கிறேன். ஜூலையில் புதன் முதல் வெள்ளி வரை கோவையில் கணக்குப் பயிற்சி. தெருவிளக்குக்கும் குடிநீர் மோட்டாருக்கும் மின்கட்டணம் கட்டியே எங்கள் பொதுநிதி கரைந்துகொண்டிருப்பதால், 2006இல் சொந்தமாகக் காற்றாலை வாங்கிய ஓடந்துறை ஊராட்சியை நேரில் பார்க்க விரும்புகிறேன். சனிக்கிழமை ஒரு நாள் போதுமா? பயணப்படியில் சிக்கல் வருமா?

உடுமலைவாசி:
ஒரு திருத்தம், ஐயா. அந்தக் காற்றாலை ஓடந்துறையில் இல்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று பாய்ந்து வரும் எங்கள் உடுமலைப் பக்கம், மைவாடியில் நிற்கிறது. ஓடந்துறையோ மேட்டுப்பாளையத்தைத் தாண்டி, கோவைக்கு வடக்கே இருக்கிறது. இரண்டையும் ஒரே நாளில் பார்க்கக் கிளம்பினால் பேருந்திலேயே பொழுது போய்விடும். ஜூலை காற்றுக்காலம் என்பது மட்டும் உங்களுக்குச் சாதகம்.

காட்பாடி ஓய்வூதியர்:
சனிக்கிழமை அலுவலகம் பூட்டிக் கிடந்தால் யாரிடம் என்ன கேட்பீர்கள்? திங்கள் இரவு காட்பாடியில் சேரன் விரைவு வண்டியைப் பிடித்தால் விடியலில் கோவை. செவ்வாய்க்கு மட்டும் தற்செயல் விடுப்பு எழுதிக் கொடுத்து, வட்டார வளர்ச்சி அலுவலரிடம் முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். அன்றைய தினப்படியையும் மேட்டுப்பாளையம் பேருந்துச் செலவையும் பட்டியலில் சேர்க்க வேண்டாம். தணிக்கையில் நூறு ரூபாய்க்குப் பதில் சொல்லி மாளாது, பட்டவன் சொல்கிறேன்.

ஆம்பூர் வாசகர்:
காற்றாலையைவிடக் கணக்கேட்டைப் பாருங்கள் என்பேன். 350 கிலோவாட் இயந்திரத்தின் விலை 1.55 கோடி ரூபாய். அதில் 40 லட்சம் ஊராட்சியின் சொந்த நிதி, எஞ்சியது வங்கிக் கடன். ஆண்டு முழுவதும் முழுத்திறனில் சுழன்றால் 30 லட்சம் யூனிட் கிடைத்திருக்க வேண்டும்; காற்று அப்படி வீசுமா? அப்போது சொல்லப்பட்ட உற்பத்தி ஏறத்தாழ 6.75 லட்சம் யூனிட்தான். ஊராட்சியின் தேவை 4.5 லட்சம் என்பதால் மிச்சத்தை மின்வாரியத்துக்கு விற்றுக் கடனை அடைத்தார்கள். காற்று வீசும் ஊரில் இயந்திரத்தை நிறுவி, மின்சாரத்தை வாரியத்தின் கம்பியில் சேர்க்கும் ஏற்பாடு இது. ஆகவே, நம் வேலூர்ப் பக்கம் காற்று இல்லையே என்று தயங்க வேண்டியதில்லை. அந்த 40 லட்சத்தை எத்தனை ஆண்டு எப்படிச் சேர்த்தார்கள் என்பதைத்தான் கேட்டு வர வேண்டும்.

குடியாத்தத்துக்காரர்:
மூவருக்கும் நன்றி. செவ்வாயன்று ஓடந்துறை மட்டும் போகிறேன், மைவாடியை விட்டுவிடுகிறேன். எங்கள் ஊராட்சியின் மூன்றாண்டு மின்கட்டண ரசீதுகளையும் கையோடு எடுத்துச் செல்வேன்.