‘அலை ஆலை’ வேண்டாம்: ‘ஓதத் திரிகை’ ஆகுமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

பழைய கரையோர ஊர்களின் தொழில்களுக்காக நாம் தொகுக்கும் சொற்பட்டியலில், கடல் ஏறி இறங்குவதைக் கொண்டு தானியம் அரைக்கும் ‘டைடு மில்’ என்பதற்கு ‘அலை ஆலை’ என்று போட்டிருக்கிறோம். எனக்கு ஒப்பவில்லை. அலை பெரும்பாலும் காற்றால் எழுவது. இந்த ஆலையை ஓட்டுவதோ நிலவின் இழுப்பில் ஏறி இறங்கும் ஓதம். வைகை கடலைத் தொடுவதே அபூர்வம், மதுரைக்காரனுக்கு இதில் என்ன வேலை என்று சிரிக்காதீர்கள். நீரைத் தேக்கித் திறந்துவிடும் வேலை எங்கள் கண்மாய்க்காரர்களுக்குப் பழக்கமானதுதான்.

இங்கிலாந்தில் டெபன் ஆற்றங்கரையிலுள்ள வுட்பிரிட்ஜில் இத்தகைய ஆலை இருந்ததற்கு 1170இலேயே குறிப்பு உண்டு. அதே இடத்து ஆலை 1957 வரை ஓடியது. கடல் ஏறும்போது நீர் கதவைத் தள்ளிக்கொண்டு ஆலையை ஒட்டிய குளத்துக்குள் புகும். கடல் இறங்கத் தொடங்கியதும் உள்ளே நிற்கும் நீரே அந்தக் கதவை அழுத்தி மூடிவிடும், ஆள் வேண்டாம். வெளியே மட்டம் நன்றாகத் தாழ்ந்த பிறகு மடையைத் திறந்தால் சக்கரம் சுழலும், கோதுமை அரைபடும். ஓதம் ஏறுவது ஏறத்தாழ 12 மணி 25 நிமிடத்துக்கு ஒருமுறை. ஆகவே அரைக்கும் நேரம் நாளொன்றுக்கு 50 நிமிடம் தள்ளிப்போகும். இன்று நண்பகலில் வேலையைத் தொடங்குகிறவர் அடுத்த வாரம் இதே கிழமையில் மாலை ஆறு மணிவாக்கில்தான் தொடங்க முடியும். இன்றைய நண்பகலுக்கு அடுத்த முறையோ நள்ளிரவு தாண்டி வரும். தூக்கத்தைப் பார்த்தால் அன்றைய நீர் வீண். முறைத்தண்ணீர் வரும் இரவில் மண்வெட்டியும் டார்ச்சுமாக வரப்பில் நிற்கும் எங்கள் நீர்பாய்ச்சிக்கு இது சொல்லாமலே புரியும்.

சரி, சொல்லுக்கு வருவோம். ‘டைடு’ என்பதற்கு ‘ஏற்றவற்றம்’ நல்ல சொல்தான். ஆனால் எங்கள் பக்கம் ஏற்றம் என்றால் கிணற்றில் நீர் இறைப்பது. ‘ஏற்ற ஆலை’ என்றால் வேறு படம் மனத்தில் எழும். ‘ஓதம்’ பள்ளிப் பாடநூல்களிலேயே இருக்கிறது. சுவரில் ஊறும் ஈரத்துக்கும் ஒரு நோய்க்கும் அதே பெயர் என்பது உண்மை. இடம் பார்த்துப் புரிந்துகொள்ளலாம்.

‘ஆலை’ என்றால் மதுரையில் பஞ்சாலைதான் நினைவுக்கு வரும். இங்கே ஓடுவது இரண்டு வட்டக் கற்கள்: கீழ்க்கல் அசையாது, மேற்கல் சுழலும். அதற்கு நம் வீடுகளில் திரிகை என்ற சொல் இருக்கிறதே! உளுந்து உடைத்த திரிகையைப் பரணில் போட்டுவிட்டோம், சொல்லையாவது இறக்கி வைக்கலாம். ஆகவே ஓதத் திரிகை. ‘காற்றாலை’யோடு இணையாக ‘ஓத ஆலை’ வேண்டும் என்பவர்கள் அதை மின்சாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். பிரான்சில் ரான்ஸ் முகத்துவாரத்தில் 1966 முதல் ஓதத்தால் மின்சாரம் எடுக்கிறார்கள்.

குளத்துக்கு ‘ஓதக் கண்மாய்’ என்று முதலில் எழுதி வைத்திருந்தேன். அனுப்புவதற்கு முன் இராமநாதபுரத்து அக்கா ஒருவரிடம் காட்டினேன். “கண்மாய்க்குள் உப்புத் தண்ணீரை விடுகிறாயா? உன்னை ஊருக்குள் சேர்க்க மாட்டார்கள்” என்றார். அவர் சொல்வதே சரி. கண்மாய்க்கு வரத்துக்கால் ஒரு பக்கம், மடை இன்னொரு பக்கம், மிஞ்சினால் கலிங்கு; எல்லாம் நெல்லுக்காக. இந்தக் குளமோ கடல் தந்ததைக் கடலுக்கே திருப்பிக் கொடுக்கிறது. ‘ஓதக்கழி’ என்று வைக்கலாம் என்று அவரே சொன்னார். கழி என்பது உப்பங்கழியில் இன்றும் புழங்கும் பழஞ்சொல். என் கண்மாயை விட்டுக்கொடுத்துவிட்டேன்.

தானே மூடும் கதவுக்குத் ‘தானடைக் கதவு’ என்று தற்காலிகமாகக் குறித்திருக்கிறேன். சொல்லிப் பார்த்தால் நாக்கு இடறுகிறது. கடற்கரை ஊர்க்காரர்கள் யாரேனும் இதைவிட நல்லதாக ஒன்று தந்தால் உடனே மாற்றிவிடுகிறேன்.