புது பிளெக்கோ சாப்பிடுதா இல்லையா, எப்படித் தெரிஞ்சுக்கிறது?

கண்ணாடியில் வாயால் ஒட்டிக்கொள்ளும் பிளெக்கோ மீன் ஒன்று வாங்கி வந்து சில நாட்கள்தான் ஆகின்றன. விரல் நீளம் இருக்கும். தொட்டியில் விட்டவுடன் ஃபில்டருக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொண்டது, அதோடு சரி. பகலில் முகத்தையே காட்டுவதில்லை. காலையில் பார்த்தால் இடம் மட்டும் மாறியிருக்கும். "அது பாசியைத் தின்னுக்கும், தனியா தீனி எதுவும் போட வேண்டாம்" என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். என் தொட்டிக் கண்ணாடியில் பாசியே இல்லை. வேஃபர் (தீனி வில்லை) போட்டால் அது அடியில் போய்ச் சேருவதற்குள் கூட இருக்கும் டெட்ரா மீன்கள் மொய்த்துவிடுகின்றன. சாப்பிடுகிறதா, பட்டினி கிடக்கிறதா என்றே தெரியவில்லை. வளர்த்தவர்கள் உங்களுக்கு ஆரம்ப நாட்கள் எப்படிப் போயின என்று சொல்லுங்களேன்.

*

ஒளிஞ்சு கிடக்கிறதைப் பார்த்துப் பயப்படாதீங்க. அது ராத்திரி நடமாடுற மீன். எங்க வீட்ல வந்ததும் இதே மாதிரிதான், மீன் இருக்கா இல்லையான்னு சந்தேகம் வந்து கல்லையெல்லாம் தூக்கிப் பார்க்கலாமான்னு வீட்ல ஒரு விவாதமே நடந்தது. தூக்கக் கூடாது. ஒதுங்க இடம் இல்லாத மீன்தான் இன்னும் மிரளும். ஒரு பிவிசி குழாய்த் துண்டு, இல்லேன்னா கவுத்துப் போட்ட மண்சட்டி, அது போதும்.

நீங்க பார்க்க வேண்டியது வயிறு. கண்ணாடியில ஒட்டியிருக்கும்போது அடிப்பக்கம் நல்லாத் தெரியும். வயிறு லேசா உப்பியோ, தட்டையாவோ இருந்தா சரி. உள்ள குழிஞ்சு இருந்தா பட்டினின்னு அர்த்தம். கண்ணும் உள்வாங்கியிருந்தா ரொம்ப நாளாப் பட்டினி. கண்ணாடி சுத்தமாச்சா இல்லையாங்கிறதை வெச்சு எதையும் முடிவு பண்ண முடியாது. பெட்டியில அடைச்சு அனுப்புற மீனுக்கு வழியில தீனி கிடையாது, பாதி மீன்கள் காலி வயித்தோடதான் நம்ம கைக்கு வருது.

எனக்கு வந்ததும் அப்படித்தான். வயிறு பள்ளமா இருந்தது. வேஃபரைத் திரும்பிக்கூடப் பார்க்கலை. வெள்ளரிக்காயை வட்டமா நறுக்கி, வெந்நீர்ல ஒரு கொதி விட்டு ஆறவெச்சு, எவர்சில்வர் ஃபோர்க்குல குத்தி அடியில இறக்கினேன். ஃபோர்க் கனத்துல அது மிதக்காது. லைட்டை அணைச்சு, எல்லா மீனும் அடங்கினப்புறம் போட்டேன், அதுதான் முக்கியம். டெட்ரா இருட்டுல தீனி தேடி வராது. மறுநாள் காலையில விதை இருந்த நடுப்பகுதி முழுக்கக் காலி. மிச்சத்தை உடனே எடுத்துடுங்க, விட்டா தண்ணி கெட்டுப்போகும். வெள்ளரிக்காய்ல தண்ணிதான் அதிகம், தெம்பு கிடையாது. ஒரு தடவை வாயை வெச்சிடுச்சுன்னா பூசணி, சக்கரவள்ளிக்கிழங்கு, தோல் நீக்கின பட்டாணின்னு மாத்திக்கலாம். வேஃபரும் அப்புறம் தானா பழகிடும்.

*

மேலே சொன்னதோடு மரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தொட்டிக்கென்று விற்கும் டிரிஃப்ட்வுட் மரத்துண்டு ஒன்று போட்டால் அதைச் சுரண்டிக்கொண்டே இருக்கும். மரத்தின் மேல் படியும் மெல்லிய படலமும் அதற்கு உணவு. ஆனால் "மரம் இருக்கிறதே, அது போதும்" என்று விட்டுவிடாதீர்கள். மரத்தைக் கடித்தே காலம் தள்ளும் பனாக்கே வகைப் பிளெக்கோகூட அதன் நாரைப் பெரிதாகச் செரிப்பதில்லை. நீங்கள் போடும் தீனிதான் உடம்பில் ஒட்டும்.

கழிவைப் பற்றி யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. பழுப்பு நூலாகத் தரை முழுக்கக் கிடக்கும். சுத்தம் செய்ய வந்த மீனுக்குப் பின்னால் நான் சைஃபன் குழாயோடு சுற்றிக்கொண்டிருக்கிறேன்!

*

எந்தப் பிளெக்கோ என்று பார்த்தீர்களா? அதைத் தெரிந்துகொள்ளாமல் மற்ற எதைப் பேசியும் பயனில்லை என்பது என் கருத்து.

கடைகளில் 'சக்கர்', 'டேங்க் கிளீனர்' என்று தருவது பெரும்பாலும் டெரிகோப்ளிக்திஸ் வகை. அதன் முதுகுத் துடுப்பு பாய்மரம்போல் உயர்ந்து நிற்கும். துடுப்பைத் தாங்கும் கம்பிகளை எண்ணிப் பாருங்கள், பெரும்பாலும் பத்துக்கு மேல் இருக்கும். பிரிசில்நோஸ் எனப்படும் ஆன்சிஸ்ட்ரஸுக்கு அதைவிடக் குறைவு. வளர்ந்த ஆணுக்கு மூக்கின் மேல் மீசைபோல் கிளைவிட்ட முட்கள் இருக்கும். பிரிசில்நோஸ் 12 முதல் 15 செ.மீ. அளவில் நின்றுவிடும். டெரிகோப்ளிக்திஸ் 30 செ.மீ.யைத் தாண்டும், சில 40-ஐயும் தாண்டும், பத்து ஆண்டுகளுக்கு மேல் வாழும். விரல் நீளத்தில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே தெரியும், அங்கேதான் சிக்கல்.

பிளெக்கோக்கள் அடங்கிய லோரிகாரிடே குடும்பத்தில் நூற்றுக்கணக்கான இனங்கள் உண்டு. அறிவியல் பெயர் சூட்டுவதற்கு முன்பே கடைக்கு வந்துவிடும் மீன்களை அடையாளம் காண, டிஏடிஇசட் என்ற ஜெர்மானிய இதழ் 1988-இல் 'எல்' எண் முறையைத் தொடங்கியது. எல்046 என்றால் சிங்கு ஆற்றின் வரிக்குதிரைப் பிளெக்கோ என்று உலகம் முழுக்கத் தெரியும். உங்களுடையதற்கு எண் எதுவும் சொல்லாமல் கொடுத்திருந்தால் அநேகமாகப் பெரிதாகும் வகைதான்.

பெரிதான பிறகு ஆற்றிலோ ஏரியிலோ விடுவதை மட்டும் நினைத்தே பார்க்காதீர்கள். கரையில் வளை தோண்டி முட்டையிடும், கரையே அரித்துச் சரியும். தென் அமெரிக்காவைச் சேர்ந்த இந்த மீன் ஃபுளோரிடா, மெக்சிகோ, இந்தியா, வங்கதேசம் என்று இப்படித்தான் ஊடுருவியிருக்கிறது.

*

வலை போட்டுப் பிடிக்காதீங்க. பக்கத் துடுப்போட முன் முள் வலைக் கண்ணியில மாட்டிக்கிச்சுன்னா உருவ முடியாது, கடைசியில வலையைத்தான் கத்தரிச்சு எடுக்கணும். எங்க மாமா மீனை எப்பவும் டப்பாவுல தள்ளித்தான் எடுப்பார். கவர்ல கொண்டு போறதா இருந்தா ரெட்டைக் கவர், முள்ளு குத்திக் கிழிச்சிடும்.

ஹீட்டர் இருக்கா? அதுமேல போய் ஒட்டிக்கும், சூடு தெரிஞ்சாலும் நகராது. அடிவயித்துல வெந்த புண்ணோட ஒரு மீனைப் பார்த்திருக்கேன். ஹீட்டருக்கு உறை போட்டுடுங்க.

*

தொட்டி புதியதா, பழையதா என்று நீங்கள் சொல்லவில்லை. புதிய தொட்டி என்றால் மீன் கழிவைச் சிதைக்கும் நல்ல பாக்டீரியா நிலைகொள்ள நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை பிடிக்கும். அதுவரை அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஏறிக்கொண்டே இருக்கும். டெஸ்ட் கிட்டில் இரண்டும் பூஜ்யம் காட்ட வேண்டும். சாப்பிடாத மீனுக்கு முதலில் தண்ணீரைச் சோதியுங்கள், பிறகு தீனியை மாற்றலாம். குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் நீக்கி அவசியம்.

மேலே வந்து ஒரு வாய் காற்று விழுங்கிவிட்டுச் சட்டென்று கீழே போவதைப் பார்க்கலாம். அந்தக் காற்றிலிருந்து வயிறு வழியாக ஆக்சிஜன் எடுக்கக்கூடிய மீன் அது. எப்போதாவது என்றால் விட்டுவிடுங்கள். அடிக்கடி வந்து போனால் ஏர் பம்பையும் தண்ணீரையும் கவனியுங்கள்.

வெள்ளைப்புள்ளி நோய் வந்தால் கையில் கிடைத்த மருந்தை ஊற்ற வேண்டாம், செம்பு கலந்த மருந்து இவற்றுக்கு ஆகாது. தோழி ஒருத்தி வெப்பத்தை மெல்ல 30 டிகிரி வரை ஏற்றி, ஏர் பம்பை இரட்டிப்பாக்கி, தண்ணீரை அடிக்கடி மாற்றியே தன் மீனைத் தேற்றினாள். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறையும், அதனால்தான் இரண்டாவது பம்ப்.

*

கோல்ட்ஃபிஷ், டிஸ்கஸ் ஏதாவது கூட இருக்கா? பசிச்ச பிளெக்கோ ராத்திரியில அதுங்க உடம்புல ஒட்டி வழவழப்பை உறிஞ்சும். காலையில பக்கவாட்டுல வட்டமா வெளிறிய தழும்பு இருந்தா இவர் வேலைதான். என்கிட்ட இருந்தது சின்னதுல யோக்கியமா இருந்துச்சு, பெருசானப்புறம்தான் ஆரம்பிச்சது. பிரிச்சு வெச்சுட்டேன்.

*

எல்லோருக்கும் நன்றி. தொட்டி பழையதுதான், கூட இருப்பவை டெட்ராக்கள் மட்டும். டெஸ்ட் கிட்டில் இரண்டுமே பூஜ்யம். நேற்று இரவு கண்ணாடியில் ஒட்டியிருந்தபோது டார்ச்சைக் கையால் மறைத்துக்கொண்டு பார்த்தேன். வயிறு கொஞ்சம் குழிந்துதான் இருக்கிறது, கண் நன்றாக இருக்கிறது. முதுகுத் துடுப்பில் பன்னிரண்டு கம்பிகள்! பெரிய குளம் வைத்திருக்கும் உறவினரிடம் இப்போதே சொல்லி வைத்துவிட்டேன், வளர்ந்ததும் எடுத்துக்கொள்கிறாராம். வெளியே தப்ப வழியில்லாத சிமென்ட் குளம்தான், கேட்டுக்கொண்டேன்.

விளக்கணைத்த பிறகு வெள்ளரிக்காய் போட்டேன். ஓரத்தில் மட்டும் சுரண்டிய அடையாளம் இருக்கிறது. இன்றைக்குப் பூசணி. தோலோடு போடலாமா, சீவிவிட வேண்டுமா?

*

தோலோடயே போடுங்க, நல்லாக் கழுவிட்டு. சதையைச் சுரண்டித் தின்னுட்டுத் தோலை அப்படியே விட்டுடும், காலையில எடுக்கவும் சுலபம்.