பார்க்கின்சன் மாத்திரையைக் கூட்டிய பிறகு அப்பா லாட்டரி வாங்கிக் குவிக்கிறார், மாத்திரை காரணமாக இருக்குமா?

கோவை_மகள்:

வணக்கம். சொந்தக்காரர்கள் யாரிடமும் சொல்ல முடியாமல் இங்கே எழுதுகிறேன். அப்பாவுக்கு 66 வயது, பஞ்சாலையில் ஃபிட்டராக முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நாலு வருஷத்துக்கு முன்பு வலது கை நடுக்கத்தில் ஆரம்பித்தது, சட்டைப் பொத்தான் போடவே பத்து நிமிஷம் ஆகிற நிலை வந்தபோது நரம்பியல் டாக்டரிடம் காட்டினோம், பார்க்கின்சன் என்றார். லெவோடோபா மாத்திரையும் கூடவே பிராமிபெக்ஸோல் என்று இன்னொன்றும் கொடுத்தார்கள். போன வருஷம் நடை மறுபடி தளர்ந்ததால் அந்த இரண்டாவது மாத்திரையைக் கூட்டினார்கள். நடை நன்றாகத் தேறிவிட்டது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் அதற்கப்புறம் நடப்பதுதான் புரியவில்லை. வாழ்நாளில் சீட்டுக்கட்டைத் தொடாத மனுஷர். தமிழ்நாட்டில் 2003-ல் லாட்டரியைத் தடை செய்வதற்கு முன்பு மில் வாசலிலேயே கடை இருந்ததாம், கூட வேலை பார்த்தவர்கள் எல்லாம் வாங்குவார்களாம், இவர் சம்பளக் கவரைப் பிரிக்காமல் கொண்டுவந்து அம்மா கையில் கொடுப்பார். இப்போது வாரத்தில் நாலைந்து நாள், நடைப்பயிற்சிக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறி வாளையாரைத் தாண்டிப் போய் கேரள லாட்டரி வாங்கி வருகிறார். பீரோவில் பழைய வேட்டிகளுக்கு நடுவே ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டுக்கட்டாக எடுத்தேன். ஒவ்வொரு சீட்டிலும் கடைசி நாலு எண்ணுக்கு அடியில் பேனாவால் கோடு. கோணல்மாணலாக நடுங்கி நடுங்கிப் போன கோடு, அதைப் பார்த்ததும் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். அம்மாவின் வளையல் இரண்டும் அடகில் இருப்பது போன வாரம்தான் தெரிந்தது. கேட்டால், "நம்பர் கிட்டக் கிட்ட வந்துட்டே இருக்கும்மா, இப்ப விட்டா அவ்வளவும் வீண்" என்கிறார்.

அண்ணன் அப்பாவிடம் பேசுவதையே நிறுத்திவிட்டான். வயசான காலத்தில் புத்தி கெட்டுவிட்டது என்கிறான். எனக்கு மாத்திரை மேல்தான் சந்தேகம். ஒரு மாத்திரையால் ஒருவருடைய குணம் இப்படி மாறுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தாராபுரத்தான்:

சந்தேகமே வேண்டாம் தங்கச்சி, மாத்திரைதான். இன்றைக்கே நிறுத்திவிட்டுப் பூனைக்காலி விதைப் பொடி கொடுங்கள். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும், நடுக்கத்துக்கு நல்லது, பக்கவிளைவு கிடையாது.

மருந்தியல்_வாத்தியார்:

முதலில் ஒன்று. தயவுசெய்து எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். லெவோடோபாவைத் திடீரென்று நிறுத்தினால் உடம்பு விறைத்து, கடும் காய்ச்சல் வந்து, உயிருக்கே ஆபத்தாகலாம். பிராமிபெக்ஸோலைத் திடீரென்று நிறுத்தினால் பதற்றம், தாங்க முடியாத சோர்வு, மனச்சோர்வு என்று வேறு விதமாகப் படுத்தும். குறைக்க வேண்டும் என்றால் டாக்டர் படிப்படியாகக் குறைப்பார்.

பூனைக்காலி சொன்ன நண்பர் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருக்கிறார், அந்த விதையில் இருப்பதும் லெவோடோபாதான். 1937-லேயே தாமோதரன், ராமசாமி என்ற இரண்டு பேர் சென்னையில் அதைப் பிரித்தெடுத்திருக்கிறார்கள். ஆகவே அதுவும் மருந்து, அதற்கும் பக்கவிளைவு உண்டு, ஒரு கரண்டிப் பொடியில் எவ்வளவு மருந்து போகிறது என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைக்கு மேல் இதையும் சேர்த்தால் அளவு தாறுமாறாகிவிடும்.

இப்போது உங்கள் கேள்வி. ஆமாம், மாறும். உங்கள் அப்பாவுக்கு நடப்பது மருத்துவர்கள் நன்றாக அறிந்த விஷயம். 2010-ல் அமெரிக்காவிலும் கனடாவிலுமாக 3,090 பார்க்கின்சன் நோயாளிகளைப் பார்த்து ஒரு பெரிய ஆய்வு வந்தது. பிராமிபெக்ஸோல் வகை மருந்து சாப்பிடுபவர்களில் 17.1 சதவீதம் பேருக்கு அடக்க முடியாத சூதாட்டம், கண்மண் தெரியாமல் பொருள் வாங்குவது, அளவில்லாமல் தின்பது, காம இச்சை எல்லை மீறுவது, இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தது. அந்த வகை மருந்து சாப்பிடாதவர்களில் 6.9 சதவீதம்.

ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

நம் நடுமூளையில் கறுப்பாக ஒரு சிறு பட்டை இருக்கிறது, சப்ஸ்டான்ஷியா நைக்ரா என்பார்கள். அங்குள்ள நரம்பணுக்கள் டோபமைன் என்ற ரசாயனத்தைச் செய்து, நீண்ட இழைகள் வழியாக மேலே உள்ள பகுதிகளுக்கு அனுப்புகின்றன. பார்க்கின்சனில் இந்த அணுக்கள் சாகின்றன, கை நடுங்க ஆரம்பிக்கும்போதே பெரும்பகுதி போயிருக்கும். டோபமைன் போய்ச் சேரும் இடத்தில் அதைப் பிடித்துக்கொள்ள அணுவின் மேல்தோலில் ஏற்பிகள் என்னும் புரதங்கள் உண்டு. டோபமைனுக்கு மட்டும் ஐந்து வகை, டி1 முதல் டி5 வரை. வந்து சேரும் ரசாயனம் ஒன்றேதான், ஆனால் அது டி1-ல் உட்கார்ந்தால் அணுவுக்குள் ஒரு வேலை முடுக்கப்படும், டி2-வில் உட்கார்ந்தால் அதே வேலை தணிக்கப்படும். அதனால் டோபமைன் இன்பம் தரும் ரசாயனம் என்று ஒற்றை வரியில் சொல்வதை நம்பாதீர்கள். எந்த இடத்தில், எந்த ஏற்பியில் என்பதைப் பொறுத்தே அதன் வேலை.

மூளையில் உடல் அசைவைப் பார்த்துக்கொள்ளும் பகுதியில் டி2 நிறைய. அதற்குக் கீழே, ஆசை, ஊக்கம், 'இது வேண்டும்' என்ற தவிப்பு இவற்றைப் பார்த்துக்கொள்ளும் பகுதியில் டி3 நிறைய. பிராமிபெக்ஸோல் டோபமைன் போலவே வேஷம் போட்டு இந்த ஏற்பிகளில் நேராகப் போய் உட்காரும் மருந்து. அது டி2-வைவிட டி3-யிடம் இன்னும் இறுக்கமாக ஒட்டும்.

இதோடு இன்னொன்றும் சேர்கிறது. பார்க்கின்சனில் டோபமைன் முதலில் வற்றுவது அசைவுப் பகுதியில்தான், ஆசைப் பகுதி அந்த அளவுக்கு வற்றுவதில்லை. கடைமடைக்குத் தண்ணீர் எட்டவில்லை என்று மதகைக் கூடுதலாகத் திறந்தால் தலைமடை வயல் என்ன ஆகும்? அதேதான். காலுக்கும் கைக்கும் சரியான அளவு, ஆசைப் பகுதிக்கு வெள்ளம். உங்கள் அப்பாவுக்கு நடை தேறியதும் லாட்டரி தொடங்கியதும் ஒரே சமயத்தில் நடந்தது என்கிறீர்கள், அதில் எனக்கு வியப்பே இல்லை.

உங்கள் அண்ணனிடம் இதைக் காட்டுங்கள். சந்தேகப்பட வேண்டியது முதலில் மருந்தின் அளவை, அப்பாவின் நடத்தையை அதற்கப்புறம் பேசலாம்.

கோவை_மகள்:

ஐயா, ரொம்ப நன்றி. இரண்டு முறை படித்து, அண்ணனுக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். ஆனால் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. ஆசை அதிகமாவது சரி. தோற்றுக்கொண்டே இருக்கிறாரே, அது ஏன் அவருக்கு உறைக்கவில்லை? மூன்று மணிக்கு போனில் முடிவு பார்ப்பார், விழவில்லை என்று தெரிந்த அடுத்த நிமிஷமே நாளைக்கு எந்த எண் வாங்கலாம் என்று காலண்டர் பின்பக்கம் எழுதிக்கொண்டிருப்பார். ஏமாற்றமே அவர் முகத்தில் தெரிவதில்லை. எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது.

இன்னொன்று, லெவோடோபாவும் டோபமைனைத்தானே கூட்டுகிறது? அது மட்டும் ஏன் இப்படிச் செய்யவில்லை?

மருந்தியல்_வாத்தியார்:

நீங்கள் கவனித்திருப்பது முக்கியமான விஷயம்.

வுல்ஃப்ரம் ஷுல்ட்ஸ் என்ற விஞ்ஞானி குரங்குகளின் டோபமைன் அணுக்களில் மெல்லிய கம்பி செருகி, அவை எப்போது துடிக்கின்றன என்று பார்த்தார். குரங்குக்கு எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தால் அணுக்கள் படபடவென்று துடித்தன. விளக்கு எரிந்தால் சாறு வரும் என்று பழகிவிட்டபின், விளக்கு எரியும்போதே துடித்தன, சாறு வந்தபோது சும்மா இருந்தன. விளக்கு எரிந்தும் சாறு வராவிட்டால், சாறு வந்திருக்க வேண்டிய அந்த நொடியில் வழக்கமான துடிப்பும் நின்றுபோனது. நினைத்ததைவிட நல்லது நடந்தால் ஏறுகிறது, நினைத்தது நடக்காவிட்டால் இறங்குகிறது. அந்த இறக்கம்தான் மூளைக்கு 'இதில் பலன் இல்லை, விட்டுவிடு' என்று கற்றுத்தருகிறது.

இப்போது பிராமிபெக்ஸோலை வையுங்கள். அது ரத்தத்தில் பாதியாகக் குறையவே எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் ஆகும், தினம் மூன்று வேளை போட்டால் நாள் முழுக்க ஏற்பிகளில் உட்கார்ந்திருக்கும். சீட்டு விழாதபோது சொந்த டோபமைன் இறங்கினாலும், ஏற்பியில் மருந்து இருப்பதால் இறக்கத்தின் செய்தி அந்தப் பக்கம் சரியாகப் போய்ச்சேருவதில்லை. நோயாளிகளைச் சோதித்தபோதும் இப்படித்தான் தெரிந்தது, டோபமைன் மருந்து வேலை செய்யும் நேரத்தில் அவர்கள் வெற்றியிலிருந்து நன்றாகக் கற்றார்கள், தோல்வியிலிருந்து கற்பது குறைந்தது. அப்பா முகத்தில் ஏமாற்றம் தெரியவில்லை என்றீர்களே, அவர் மறைக்கவில்லை அம்மா. அவருக்கு அது எட்டவே இல்லை என்றுதான் நான் நினைக்கிறேன்.

லெவோடோபா வேறு வழியில் போகிறது. அது மிச்சமிருக்கும் அணுக்களுக்குள் போய் டோபமைனாக மாறி, வெளிவிடப்பட்டு, மறுபடி உறிஞ்சப்படுகிறது. ரத்தத்தில் ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகிவிடும். அதனால் ஏற்ற இறக்கத்துக்கு இன்னும் இடம் இருக்கிறது. அதிக அளவில் அதுவும் இந்தத் தொல்லையைத் தரலாம், ஆனால் குறைவு.

சிவகாசி_செல்வம்:

அக்கா, எங்கள் வீட்டிலும் இதே கதைதான், அதனால் எழுதுகிறேன். அம்மாவுக்கு அப்போது 58 வயது. மாத்திரை ஆரம்பித்து எட்டு ஒன்பது மாதத்தில் சேலை வாங்க ஆரம்பித்தார். தவணைக்காரரிடம், ஆன்லைனில், தெருவில் மூட்டை கொண்டுவருபவரிடம், யார் வந்தாலும். கட்டிலுக்கு அடியில் பிரிக்காத கவர்கள் நாற்பதுக்கு மேல் இருந்தன. அதோடு, ராத்திரி ஒரு மணிக்கு எழுந்து பித்தான் டப்பாவைக் கொட்டி, நிறம் நிறமாகப் பிரித்து, திரும்பக் கலந்து, திரும்பப் பிரிப்பார். நாங்கள் பேய் பிடித்துவிட்டதாகப் பயந்து கோயிலுக்கெல்லாம் கூட்டிப்போனோம். ஒரு வருஷம் வீணாகப் போனது.

டாக்டரிடம் சொல்லவே இல்லை, அதுதான் நாங்கள் செய்த தப்பு. அவரும் கேட்கவில்லை. நடை எப்படி, தூக்கம் எப்படி, மலச்சிக்கல் உண்டா என்று கேட்பார், சேலை வாங்குகிறாயா என்று கேட்க அவருக்குத் தோன்றவில்லை, அதைப் போய்ச் சொல்ல எங்களுக்கும் தோன்றவில்லை. தற்செயலாக மருந்துக்கடைத் தம்பி மாத்திரை அட்டையோடு வரும் தாளைப் படித்துக் காட்டியபோதுதான் தெரிந்தது, அதில் பொடி எழுத்தில் எல்லாம் இருந்தது.

அளவைக் குறைத்தது இரண்டு மாதத்துக்கும் மேல் நடந்தது. நடுவில் அம்மா ரொம்பச் சோர்ந்துபோய், எதிலும் பிடிப்பில்லாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார், அது எங்களுக்கு மிகவும் கஷ்டமான காலம். வாத்தியார் சொன்னது அதுவாகத்தான் இருக்கும். அப்போது தனியாக விடாதீர்கள். அப்புறம் ஒருநாள், அந்தக் கவர்களை எல்லாம் தானே இழுத்துப்போட்டு, "இதெல்லாம் யாருடா வாங்கினது" என்று கேட்டார். நான் வாங்கினேன் என்று சொல்லிவிட்டேன்.

டாக்டரைப் பார்க்கும் வரை பணத்தைப் பத்திரம் பண்ணுங்கள். நாங்கள் பாஸ்புத்தகத்தையும் ஏடிஎம் கார்டையும் எடுத்து வைத்துவிட்டு, வங்கியில் கேஒய்சி கேட்கிறார்கள் என்று சொன்னோம். திட்டாதீர்கள். திட்டியதில் அம்மா ஒளித்து வாங்கக் கற்றுக்கொண்டார், அவ்வளவுதான் நடந்தது.

மருந்தியல்_வாத்தியார்:

செல்வம், நல்ல காரியம் செய்தீர்கள். அந்தப் பித்தான் பிரிப்பதற்கும் தனிப் பெயர் உண்டு, பண்டிங் என்பார்கள், அதுவும் இதே மருந்துகளால் வருவது.

கோவை மகளுக்கு இன்னொரு எச்சரிக்கை. மருந்தைக் குறைக்கும் காலத்தில் வாந்தி வந்தால், கடையில் மெட்டோகுளோப்ரமைடு வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். அது மூளைக்குள் போய் டி2 ஏற்பியை அடைத்துவிடும், அப்பாவின் நடை ஒரே நாளில் மோசமாகலாம். பார்க்கின்சன் இல்லாதவர்களுக்கே அந்த மாத்திரையால் நடுக்கமும் விறைப்பும் வருவதுண்டு.

இந்த ஏற்பிகளின் கதையில் நம் ஊர்ச் செடி ஒன்றுக்கும் பங்கு இருக்கிறது, அதை மட்டும் சொல்லிவிடுகிறேன். சர்ப்பகந்தி வேரிலிருந்து எடுக்கும் ரெசர்பின், ரத்த அழுத்தத்துக்கு உலகம் முழுக்கக் கொடுத்த மருந்து. 1957-ல் ஸ்வீடனில் அர்விட் கார்ல்சன் அதை முயல்களுக்குக் கொடுத்தபோது அவை காது தொங்கி அசையாமல் கிடந்தன, லெவோடோபாவை ஊசியில் ஏற்றியதும் எழுந்து நடமாடின. அதுவரை டோபமைன் என்பது வேறொரு ரசாயனம் செய்வதற்கான இடைப்பொருள் மட்டுமே என்று நினைத்திருந்தார்கள். பார்க்கின்சன் நோயாளிகளின் மூளையில் டோபமைன் வற்றியிருப்பதை 1960-ல் வியன்னாவில் கண்டுபிடித்தார்கள். கார்ல்சனுக்கு 2000-ல் நோபல் பரிசு கிடைத்தது. அப்பா இன்று சாப்பிடும் லெவோடோபா அந்த வழியில் வந்ததுதான்.

கோவை_மகள்:

எல்லோருக்கும் நன்றி. நேற்று டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தோம். வெளியே வரிசையில் உட்கார்ந்திருந்தபோதே ஒரு தாளில் எல்லாம் எழுதிக்கொண்டு போனேன், லாட்டரிச் சீட்டுகளில் ஒரு கட்டையும் எடுத்துப்போய் மேசையில் வைத்தேன். டாக்டர் கோபப்படவில்லை. முன்பே எச்சரித்திருக்க வேண்டும் என்று அவரே சொன்னார். பிராமிபெக்ஸோலை வாரம் வாரமாகக் குறைத்துக்கொண்டே வந்து நிறுத்திவிட்டு, அதற்கு ஈடாக லெவோடோபாவைக் கொஞ்சம் கூட்டலாம் என்றார். லெவோடோபாவைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பே போடச் சொன்னார். முட்டை, பருப்பு, பால் இவற்றில் உள்ள புரதம் குடலிலும் மூளை வாசலிலும் மருந்தோடு போட்டி போடுமாம், அப்பா இத்தனை நாள் ஒரு டம்ளர் பாலோடுதான் போட்டுக்கொண்டிருந்தார்.

அண்ணனும் வந்திருந்தான். திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, மாத்திரையை எந்த நேரத்துக்கு எது என்று ஒரு அட்டையில் எழுதிக்கொடுத்தான். அப்பா அதை மடித்துச் சட்டைப் பையில், அன்றைய சீட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். சீட்டை நாங்கள் கேட்கவில்லை.