புதுப்பிப்பு: மூன்று வார இருமலுக்குக் காரணம் கிடைத்துவிட்டது

போன வாரம் எழுதியிருந்தேன்: கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் அம்மிச்சி (அம்மா வழிப் பாட்டி) வீட்டுத் திண்ணையில் கடலைக்காய் ஆயும்போது என் இரண்டு வயது மகனுக்குப் புரை ஏறியது, அன்று தொடங்கிய இருமல் வீசிங் மருந்துக்கு அடங்கவில்லை. "எக்ஸ்ரே சரியென்றாலும் விடாதீர்கள்" என்று பதில் எழுதியவருக்குக் கோடி நன்றி.

கோவையில் மருத்துவர் முதலில் கேட்டதே "புரை ஏறியதா?" என்றுதான். ஸ்டெதாஸ்கோப்பை இரு பக்கமும் மாற்றி மாற்றி வைத்தார். வலப்பக்கம் காற்றோசை குறைவு. கடலை பொதுவாக எக்ஸ்ரேயில் தெரியாதாம். ஆனால் புதிய படத்தில் வலது நுரையீரல் மட்டும் காற்றடைத்து உப்பி நின்றது. வலது மூச்சுக்குழல் கிளை அகலம், செங்குத்தும்கூட, அதில்தான் இறங்கியிருக்கிறது. மயக்க மருந்து கொடுத்து பிராங்கோஸ்கோப்பி (மூச்சுக்குழலுக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்ப்பது) செய்து எடுத்தார்கள். சிறு டப்பாவில் காட்டினார்கள்: அரைப் பருப்பு, ஊறி வெளுத்து, ஓரம் பிய்ந்து. இதற்கா இத்தனை பாடு!

குழந்தை பட்டன் பேட்டரியை (காசு போன்ற சிறு வட்ட பேட்டரி) விழுங்கிவிட்டால் என்ன செய்வது என்று கேட்டவருக்கு: அதற்கு அறிகுறி வரட்டும் என்று காத்திருக்கவே கூடாது. உணவுக்குழாயில் தங்கினால் 2 மணி நேரத்திலேயே புண்ணாக்கிவிடும்.

"நான்தானே கொடுத்தேன்" என்று அம்மிச்சி இன்னும் அழுகிறார். நானும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். பையன் இப்போது கடலைச் சட்னியோடு இரண்டாவது இட்லியில் இருக்கிறான்.