மறுமொழி: ‘டுவெல்’ – தங்குகோணமா, மூடுகோணமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

பாயின்ட் (பொறிக்கான மின்சுற்றைத் திறந்து மூடும் தொடுமுனைகள்) வைத்த பழைய செவர்லே டிரக்கை எச்.இ.ஐ. (ஹை எனர்ஜி இக்னிஷன்) எலெக்ட்ரானிக் இக்னிஷனுக்கு மாற்றும் கையேட்டுக்காக, ‘டுவெல்’ என்பதற்குத் தமிழில் ஒரு சொல் கேட்டிருந்தீர்கள். இதுவரை வந்தவை தங்குகோணம், உறைகோணம், மின்னேற்றுகோணம். மூன்றிலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. என் பரிந்துரை மூடுகோணம். கூடவே மூடுநேரம் என்று இன்னொரு சொல்லும் கட்டாயம் வேண்டும். காரணத்தைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

அமெரிக்கப் பொறியாளர் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கி 1910ஆம் ஆண்டு கேடிலாக் காரில் வந்த பேட்டரி இக்னிஷன் முறைதான் 1970கள் வரை பெரும்பாலான பெட்ரோல் எஞ்சின்களில் ஓடியது. பாயின்ட் மூடியிருக்கும்போது, வோல்ட்டை உயர்த்தித் தரும் காயிலின் முதன்மைச் சுருளில் மின்சாரம் பாய்ந்து காந்தப்புலம் வளர்கிறது. பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிர்ந்தளிக்கும் டிஸ்டிரிபியூட்டருக்குள் சுழலும் கேமின் மேடு பாயின்டைத் தள்ளித் திறந்ததும் சுற்று அறுபடுகிறது, புலம் சரிகிறது, துணைச்சுருளில் ஆயிரக்கணக்கான வோல்ட் எழும்பி பிளக்கில் பொறி விழுகிறது. பாயின்ட் மூடியபடி இருக்கையில் கேம் எத்தனை பாகை சுழல்கிறதோ அதுதான் டுவெல். வி-8 எஞ்சினில் ஓர் உருளைக்கு (சிலிண்டருக்கு) கேமின் பங்கு 45 பாகை. செவர்லே வி-8இல் அதில் 30 பாகை மூடியிருக்கும், மீதி 15 திறந்திருக்கும்.

> ஆங்கிலச் சொல்லுக்குத் தங்குதல் என்றுதானே பொருள்? தங்குகோணம் நேராகவே பொருந்துகிறதே.

எது தங்குகிறது, எங்கே தங்குகிறது? படிப்பவர் இதை ஆங்கிலத்துக்குப் போய்க் கேட்டுவிட்டுத்தான் திரும்ப வேண்டும். தவிர, கேம் வடிவமைப்பில் தொடர்வி (கேமைத் தொட்டபடி நகரும் பாகம்) அசையாமல் நிற்கும் பகுதிக்கும் அதே ஆங்கிலச் சொல்தான். ‘தங்கு’ அங்கே அழகாகப் பொருந்தும், அதற்கு வைத்துக்கொள்ளலாம். உறைகோணமும் இதே வகைதான். போதாததற்குப் பனியையும் வாளின் உறையையும் நினைவூட்டும். ஜெர்மானியர்கள் ஆங்கிலத்தின் வழியில் போகவில்லை. அவர்களுடைய ‘ஷ்லீஸ்விங்கல்’ என்ற சொல்லுக்கு மூடும் கோணம் என்றே பொருள்.

> காயில் ‘சார்ஜ்’ ஆகும் நேரம் என்றுதான் மெக்கானிக்குகள் சொல்கிறார்கள். அப்படியானால் மின்னேற்றுகோணம்?

பேச்சில் சரி. ஆனால் இக்னிஷன் சுற்றின் வரைபடத்தில், பாயின்டுக்குப் பக்கத்திலேயே கண்டென்ஸர் உட்கார்ந்திருக்கிறது. பாயின்ட் திறக்கும்போது உண்மையிலேயே மின்னேற்றம் அடைவது அந்த மின்தேக்கிதான். காயில் சேர்த்துவைப்பது காந்தப்புலத்தில் இருக்கும் ஆற்றலை. பாயின்ட் மூடியிருக்கும் வேளைக்கு மின்னேற்றுகோணம் என்று பெயர் வைத்தால் எது எப்போது ஏறுகிறது என்பதில் குழப்பம்தான் மிஞ்சும்.

கலைச்சொல்லை அகராதியில் வைத்துப் பார்ப்பதைவிட வேலைக் குறிப்பில் போட்டுப் பார்ப்பதே எனக்குப் பிடித்த சோதனை. இதைப் பாருங்கள்: “பாயின்ட் இடைவெளி கூடினால் மூடுகோணம் குறையும். கேமில் உரசும் ஃபைபர் பாதம் தேயத் தேய இடைவெளி சுருங்கும், மூடுகோணம் கூடும், பாயின்ட் தாமதமாகத் திறப்பதால் பொறியும் பிந்தும். ஆகவே மூடுகோணத்தை முதலில் சரிசெய்துவிட்டு, அப்புறம் டைமிங்கை (பொறி விழும் நேரத்தை) தொடவும்.” எதையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, சொல்லே காரணத்தைக் காட்டிவிடுகிறது. செவர்லே வி-8 டிஸ்டிரிபியூட்டர் மூடியில் சின்ன உலோகச் சன்னல் ஒன்று இருக்கும். எஞ்சின் ஓடும்போதே அதை மேலே தள்ளிவிட்டு, அறுகோணச் சாவியை நுழைத்துத் திருகினால் டுவெல் மீட்டரில் முள் நகர்வதைப் பார்க்கலாம். அந்த முள்ளுக்குக் கீழே ‘மூடுகோணம்’ என்று எழுதியிருந்தால் புதிதாகக் கற்பவர்கூட என்ன அளக்கிறோம் என்று புரிந்துகொள்வார்.

இலக்கணமும் இடிக்கவில்லை. உருகுநிலை, கொதிநிலை, மூடுபனி போல இதுவும் வினைத்தொகை.

இனி மூடுநேரம். பாயின்டில் கோணம் மாறாது, நேரம்தான் மாறும். எஞ்சின் நிமிடத்துக்கு 600 சுற்றில் ஓடினால் டிஸ்டிரிபியூட்டர் 300 சுற்று; 30 பாகையைக் கடக்க ஏறக்குறைய 17 மில்லிநொடி ஆகும். காயிலுக்கு நிறைய நேரம் கிடைத்து, அது சூடாகும் அளவுக்குத் தாராளம். 4800 சுற்றில் அதே 30 பாகைக்குக் கிடைப்பது 2 மில்லிநொடிதான், மின்னோட்டம் முழு அளவுக்கு ஏறுவதற்குள் பாயின்ட் திறந்துவிடும். வேகம் கூடும்போது பொறி மெலிவதற்கு முக்கியக் காரணம் இதுதான். ஜெனரல் மோட்டார்ஸ் 1970களின் நடுவில் கொண்டுவந்த எச்.இ.ஐ. இதைத் தலைகீழாக்கியது. அதன் காயிலில் முதன்மைச் சுருளின் தடை ஓர் ஓமுக்கும் குறைவு, ஆகவே மின்னோட்டம் விரைவாக ஏறும். பாயின்டுக்குப் பதிலாகச் சுற்றைத் திறந்து மூடும் மின்னணுப் பாகமான மாட்யூல் அந்த மின்னோட்டத்தை ஓர் எல்லைக்கு மேல் போகவிடாது. வேகம் கூடக்கூட மூடுகோணத்தைத் தானே நீட்டிக்கொள்ளும். பாயின்டில் கோணம் நிலையானது, நேரம் அதன் விளைவு. மாட்யூலுக்கு நேரம்தான் குறி, கோணம் அதற்கேற்ப அசையும். இந்த வேறுபாட்டை ஒரே சொல்லை வைத்து எழுதிப் பாருங்கள், மூன்றாவது வரியில் சிக்கிக்கொள்வீர்கள்.

> எலெக்ட்ரானிக்கில் பாயின்டே இல்லை. மூடுவதற்கு அங்கே என்ன இருக்கிறது?

நியாயமான கேள்வி. பாயின்ட் போனாலும் சுற்று இருக்கிறது. பள்ளிப் பாடத்திலேயே ‘மூடிய மின்சுற்று, திறந்த மின்சுற்று’ என்றுதான் படித்தோம். டிரான்சிஸ்டர் கடத்தும்போது முதன்மைச் சுற்று மூடியிருக்கிறது, கடத்தாதபோது திறந்திருக்கிறது. மூடுவது சுற்று என்று கொண்டால் பழைய வண்டிக்கும் புதிய மாட்யூலுக்கும் இதே சொல் ஓடும். எனக்கு இதுதான் பெரிய வசதியாகத் தெரிகிறது, ஏனென்றால் உங்கள் கையேடே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறுவதைப் பற்றியது.

வயரிங் பகுதியில் இந்தச் சொல் நன்றாக உழைக்கும். பாயின்ட் காலத்து ஹார்னஸில் (வயர்த் தொகுப்பில்) காயிலுக்குப் போவது சாதாரண வயர் இல்லை, தடைக்கம்பி. எஞ்சின் ஓடும்போது காயிலுக்குப் போகும் மின்னோட்டத்தை மட்டுப்படுத்தி, பாயின்ட் கருகாமல் காப்பது அதன் வேலை. அதே கம்பியை எச்.இ.ஐ.யின் ‘பேட்’ (பேட்டரி) முனையில் மாட்டினால் வண்டி கிளம்பிவிடும், ஐடிலிலும் ஓடும். அதனால்தான் ஏமாறுகிறார்கள். வோல்ட் குறைந்தால் மின்னோட்டம் மெதுவாக ஏறும். வேகத்தில் கிடைக்கும் மூடுநேரம் போதாமல் மிஸ்ஃபயர் ஆகும். இதை ‘தங்குநேரம் போதாமல்’ என்று எழுதினால் யாருக்காவது விளங்குமா?

நீங்கள் அனுப்பிய வரைவில் ஒரு திருத்தம் தேவை. வயரைக் கழற்றி, மல்டிமீட்டரில் 12 வோல்ட் வந்தால் போதும் என்று எழுதியிருக்கிறீர்கள். போதாது. மின்னோட்டம் இல்லாதபோது தடைக்கம்பியின் நுனியிலும் முழு 12 வோல்ட் காட்டும். சுமை இருந்தால்தான் இழப்பு தெரியும். ஒரு ஹெட்லைட் பல்பைச் சுமையாக மாட்டி அளக்கச் சொல்லுங்கள். ஃபியூஸ் பெட்டியிலிருந்து புதிதாக எடுக்கும் 12 கேஜ் வயர், சாவி ‘ரன்’ நிலையில் மட்டுமின்றி ‘ஸ்டார்ட்’ நிலையிலும் உயிரோடு இருக்க வேண்டும், ஏனென்றால் சில முனைகள் ஸ்டார்ட்டர் சுற்றும்போது அணைந்துவிடும். ஸ்டார்ட்டர் சோலனாய்டிலிருந்து காயிலுக்கு வந்த பழைய பைபாஸ் வயருக்கு இனி வேலை இல்லை, கழற்றி நுனியை மூடிக் கட்டிவிடலாம். மாட்யூலின் அடியில் வெப்பம் கடத்தும் பசை தடவ மறந்துவிட்டால் அது சூட்டில் போய்விடும் என்பதையும் தடித்த எழுத்தில் போடுங்கள்.

தடைக்கம்பிக்கு ஒருவர் சொன்ன ‘சுமைத்தடை’ வேண்டாம், மின்னியலில் அதற்கு வேறு பொருள் உண்டு. தனிப் பாகமாக இருந்தால் மட்டுத்தடை, வயராக இருந்தால் தடைக்கம்பி. டிஸ்டிரிபியூட்டர், காயில், மாட்யூல் மூன்றையும் அப்படியே விட்டுவிடுவேன். கடையில் கேட்டு வாங்க வேண்டிய பொருளுக்குக் கடைக்காரர் அறிந்த பெயர் இருப்பதே நல்லது. மூடுகோணத்தைக் கடையில் யாரும் கேட்கப்போவதில்லை, அது புரிந்துகொள்ள வேண்டிய சங்கதி.

மறுப்பு இருப்பவர்கள் வெறும் மாற்றுச் சொல்லோடு நிறுத்தாமல், பாயின்டுக்கு ஒன்றும் மாட்யூலுக்கு ஒன்றுமாக இரண்டு வாக்கியங்களில் அதைப் பயன்படுத்தி எழுதுங்கள். ‘பிக்கப் காயில்’ பற்றிய கேள்வியைத் தனி இழையாகத் தொடங்கினால் நல்லது, இங்கே கலந்தால் இரண்டும் முடியாது.